ஒரே பிள்ளை, இரண்டு வினாத்தாள்கள்: பெற்றோர் காண்பதும் பதின்பருவத்தினர் உணர்வதும்

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய 15 வயது மகள் சில மாதங்களாகச் சோர்ந்து காணப்படுவதாக வகுப்பாசிரியர் சொன்னதையடுத்து, பள்ளியின் மனநல ஆலோசகர் தாயிடமும் மகளிடமும் ஒரே வினாத்தாளைத் தனித்தனியே கொடுத்து நிரப்பச் சொல்லியிருக்கிறார். மகள் தன்னைப் பற்றி நிரப்பியதில் மொத்த மதிப்பெண் 21. தாய் மகளைப் பற்றி நிரப்பியதில் 9. “இரண்டில் எது உண்மை? அவள் மிகைப்படுத்துகிறாளா, அல்லது பெற்ற தாயாக இருந்தும் நான் எதையும் கவனிக்காமல் இருந்துவிட்டேனா?” என்று கேட்கிறார்.

அம்மா, இந்த இடைவெளியை வைத்து உங்கள் மகள் மிகைப்படுத்துகிறாள் என்று சொல்ல முடியாது. நீங்கள் கடமை தவறிவிட்டீர்கள் என்றும் சொல்ல முடியாது. இருவரும் தத்தமக்குத் தெரிந்ததை நேர்மையாகவே எழுதியிருந்தாலும் விடைகள் இப்படி விலகி நிற்பதுதான் வழக்கம். எந்த இடத்தில் விலகுகின்றன, ஏன் விலகுகின்றன என்று பார்த்தால், ஒரு தாள் மட்டும் சொல்லாத செய்தி கிடைக்கும். அதனால்தான் ஆலோசகர்கள் இரண்டு தாள்களைக் கேட்கிறார்கள்.

நீங்கள் குறிப்பிடும் வினாத்தாள், பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட ‘வலிமைகளும் இடர்ப்பாடுகளும்’ என்னும் எஸ்.டி.கியூ. வினாத்தாள். அதில் 25 கூற்றுகள் உண்டு. மனவெழுச்சி, நடத்தை, துறுதுறுப்பும் கவனச்சிதறலும், சகவயதினருடனான உறவு, பிறருக்கு உதவும் இயல்பு என்று ஐந்து பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஐந்து கூற்றுகள். ஒவ்வொரு கூற்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் இட்டு, முதல் நான்கு பிரிவுகளைக் கூட்டினால் 0 முதல் 40 வரையிலான மொத்தம் வரும். உதவும் இயல்பு அந்தக் கூட்டலில் சேராது. 11 வயதிலிருந்து பிள்ளைகள் தாங்களே நிரப்புவதற்குத் தனி வடிவம் இருக்கிறது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு தாள்களையும் அளக்கும் எல்லைக்கோடுகள் ஒன்றல்ல. தொடக்கத்தில் வகுக்கப்பட்ட மூன்று நிலைப் பகுப்பின்படி, பெற்றோர் தாளில் 0 முதல் 13 வரை இயல்பு, 14 முதல் 16 வரை எல்லைநிலை, 17இலிருந்து உயர்நிலை. பிள்ளையின் தாளில் 15 வரை இயல்பு, 16 முதல் 19 வரை எல்லைநிலை, 20இலிருந்து உயர்நிலை. தன்னைப் பற்றி எழுதும் இளையோர் பொதுவாகச் சற்றுக் கூடுதலாகவே எழுதுவார்கள் என்பது இந்தக் கோடுகளிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஆகவே 21ஐயும் 9ஐயும் தேர்வு மதிப்பெண்களைப் போலக் கழித்துப் பார்த்து, 12 வித்தியாசம் என்று திகைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சலுகையைக் கொடுத்த பிறகும் உங்கள் மகளின் 21 உயர்நிலையில்தான் நிற்கிறது. அதைத் தள்ளிவைக்கவும் முடியாது.

நீங்கள் அனுப்பியிருக்கும் பிரிவுவாரி மதிப்பெண்கள்தாம் உண்மையில் பேசுகின்றன. மனவெழுச்சியில் மகளுக்கு 8, நீங்கள் இட்டது 2. நடத்தையில் இருவருமே 3. துறுதுறுப்பிலும் கவனச்சிதறலிலும் மகள் 5, நீங்கள் 3. சகவயதினருடனான உறவில் மகள் 5, நீங்கள் 1. ஆக, நீங்கள் எல்லாவற்றிலும் முரண்படவில்லை. கோபம், பொய், சொன்ன பேச்சைக் கேட்பது போன்ற, கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய பிரிவில் இருவரும் ஒரே எண்ணை எழுதியிருக்கிறீர்கள். மனத்துக்குள் நடப்பதிலும், நீங்கள் உடன் இல்லாத இடத்தில் நடப்பதிலும் மட்டும் 10 மதிப்பெண்கள் பிரிந்திருக்கின்றன.

இந்த வடிவம் ஆய்வுலகத்துக்கு நெடுங்காலமாகத் தெரிந்ததே. தாமஸ் ஆக்கன்பாக்கும் அவருடைய சகாக்களும் 1987இல் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிள்ளையை ஒரே சூழலில் பார்க்கும் இருவருக்கு இடையே, எடுத்துக்காட்டாகத் தாய்க்கும் தந்தைக்கும் இடையே, ஒட்டுறவுக் கெழு (இருவர் விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை) சராசரியாக 0.60 இருந்தது. பெற்றோரும் ஆசிரியரும் போல வெவ்வேறு சூழல்களில் பார்ப்பவர்களிடையே அது 0.28. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர்கள் சொல்வதற்கும் இடையே வெறும் 0.22. ஒருவருடைய மதிப்பெண்ணில் உள்ள ஏற்ற இறக்கத்தில் ஏறத்தாழ 5 விழுக்காட்டைத்தான் மற்றவருடைய மதிப்பெண் விளக்குகிறது என்று இதற்குப் பொருள். வெளியே தெரியும் நடத்தைச் சிக்கல்களில் ஒத்துப்போவது கூடுதலாகவும், உள்ளொடுங்கிய கவலை, துயரம் ஆகியவற்றில் குறைவாகவும் இருந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2015இல், ஆண்ட்ரெஸ் டி லாஸ் ரெயஸ் தலைமையிலான குழு அதன் பின் வந்த 341 ஆய்வுகளைத் தொகுத்தது. வினாத்தாள்கள் மேம்பட்டிருந்தன, ஆய்வு முறைகள் கூர்மை பெற்றிருந்தன; ஆனால் தகவல் தருவோரிடையிலான சராசரி ஒட்டுறவு 0.28 என்றே வந்தது. குறை கருவியில் மட்டும் இருந்திருந்தால் இத்தனை ஆண்டுகளில் அது ஓரளவேனும் சீராகியிருக்கும். எனவே இந்த வேறுபாடு ஆட்கள் நிற்கும் இடத்திலேயே இருக்கிறது என்றுதான் நான் கருதுகிறேன்.

யார் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. லெஸ்லி ரெஸ்கோர்லா முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 25 சமூகங்களின் தரவுகள் ஒப்பிடப்பட்டன. அத்தனை சமூகங்களிலும், சராசரியாகப் பார்த்தால், பெற்றோர் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதைவிடக் கூடுதலான இடர்ப்பாடுகளைப் பதின்பருவத்தினரே குறித்திருந்தார்கள். ஆனால் இது பொதுமக்களிடையே எடுக்கப்பட்ட கணக்கு. சிகிச்சைக்காக அழைத்துவரப்படும் பிள்ளைகளிடம், குறிப்பாக நடத்தைச் சிக்கல்களில், பெற்றோரின் மதிப்பெண் பிள்ளையினுடையதை மிஞ்சுவது அடிக்கடி காணப்படுவது. காரணம் எளிது. பெற்றோர் ஒன்றைச் சிக்கல் என்று கருதியதால்தான் அந்தப் பிள்ளையே அங்கு வந்திருக்கிறான். உங்கள் வீட்டில் கவலை பள்ளியிலிருந்து தொடங்கியது. அதனால் பொதுமக்களிடையே காணும் வடிவம் இங்கே வந்திருப்பதில் வியப்பில்லை.

இனி, ஏன் இப்படி நேர்கிறது என்பது. மனவெழுச்சிப் பிரிவின் ஐந்து கூற்றுகளையும் மீண்டும் படித்துப் பாருங்கள். தலைவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி சொல்வது, நிறையக் கவலைகள், அடிக்கடி மகிழ்ச்சியின்றி இருப்பது அல்லது அழுவது, புதிய சூழலில் பதற்றம், பல அச்சங்கள். இவற்றில் முதலாவதைத்தான் பெற்றோரால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும், ஏனெனில் வலி வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. ‘நிறையக் கவலைகள்’ என்ற வரிக்கு 0 போடும் தாய், கவலையை வெளிக்காட்டும் முகத்தைப் பார்க்கவில்லை என்று மட்டுமே சாட்சி சொல்கிறார். கவலை இல்லை என்று சாட்சி சொல்ல அவரால் இயலாது. இரவு விளக்கை அணைத்த பிறகு ஒரு மணி நேரம் விழித்துக்கிடக்கும் பெண், காலையில் எழத் தாமதிப்பதை மட்டுமே வீடு பார்க்கிறது. அதை வீடு சோம்பல் என்று படிக்கிறது.

சகவயதினர் பிரிவுக்கு வேறொரு காரணம் உண்டு. அந்தப் பிரிவில் ‘ஒரு நல்ல நண்பராவது உண்டு’, ‘மற்றப் பிள்ளைகளின் கேலிக்கும் தொல்லைக்கும் ஆளாகிறார்’, ‘பெரும்பாலும் தனித்திருக்கிறார்’ போன்ற கூற்றுகள் வருகின்றன. நீங்கள் அவளுடைய தோழிகளின் பெயர்களை அறிவீர்கள், பிறந்தநாளுக்கு வந்ததைப் பார்த்திருப்பீர்கள், அதனால் 1 போட்டிருப்பீர்கள். ஆனால் சென்ற பருவத்தில் அந்தக் குழு உடைந்து, இடைவேளையில் யார் பக்கத்தில் உட்காருவது என்பதே அன்றாடப் போராட்டமாகியிருந்தால், அது வீட்டுக்கு வந்து சேராது. ரீட் லார்சன் குழுவினர் அமெரிக்காவில் 10 முதல் 18 வயது வரையிலான இளையோரிடம் பேஜர் கொடுத்து, நாளில் பலமுறை ஒலிக்கச் செய்து, அந்நேரத்தில் யாருடன் இருக்கிறார்கள், மனநிலை என்ன என்று எழுதவைத்தார்கள். 1996இல் வெளிவந்த முடிவின்படி, விழித்திருக்கும் நேரத்தில் குடும்பத்தோடு கழிவது அந்த வயது வரம்பின் தொடக்கத்தில் 35 விழுக்காடாக இருந்து, முடிவில் 14 விழுக்காடாகச் சுருங்கியது. அதே ஆய்வில் எனக்கு ஆறுதல் தரும் இன்னொரு செய்தியும் இருக்கிறது: தாயுடனோ தந்தையுடனோ தனித்திருக்கும் நேரமும் பேசும் நேரமும் அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்கும் வாய்ப்பு சுருங்கினாலும் கேட்கும் வாய்ப்பு எஞ்சியிருக்கிறது.

அப்படியானால் கூர்ந்து கண்காணித்தால் போதுமே என்று தோன்றலாம். இந்த எண்ணத்தைத்தான் சுவீடனில் 14 வயதினரையும் அவர்கள் பெற்றோரையும் ஆராய்ந்த ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000ஆம் ஆண்டில் கேள்விக்கு உட்படுத்தினார்கள். பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருப்பவை எங்கிருந்து வந்தன என்று பிரித்துப் பார்த்தபோது, கட்டுப்பாடுகளும் துருவித்துருவிக் கேட்பதும் கொடுத்தது குறைவு. பிள்ளை தானாக வந்து சொன்னதே பெரும்பகுதி. நல்ல கண்காணிப்பு என்று அதுவரை பாராட்டப்பட்டு வந்தது, பெருமளவுக்குப் பிள்ளையின் நம்பிக்கையே என்று அவர்கள் காட்டினார்கள். இதை உங்கள் தாளுக்குப் பொருத்திப் பார்த்தால், நீங்கள் போட்ட 9 என்பது மகள் இதுவரை உங்களிடம் சொல்ல ஒப்பிய பகுதியின் அளவு. சொல்லாத பகுதி ஏன் சொல்லப்படவில்லை என்பதே அடுத்த கேள்வி. சில பிள்ளைகள் திட்டு விழும் என்று மறைக்கிறார்கள். அதைவிடக் கூடுதலானோர், பெற்றோர் ஏற்கெனவே களைத்திருக்கிறார்கள், தன் பாரத்தையும் ஏற்ற வேண்டாம் என்று மறைக்கிறார்கள் என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். இந்த இரண்டாம் வகை மறைப்பைத் தாய்மார் கேட்கும்போது மிகவும் நொந்துபோகிறார்கள். அதைச் செய்ய வைத்தது அன்புதான் என்பதையும் அவர்கள் அறிய வேண்டும்.

அளவுகோலும் ஆளுக்கு ஆள் மாறும். ‘அடிக்கடி’ என்ற சொல்லுக்கு எத்தனை முறை என்று வினாத்தாள் வரையறுப்பதில்லை. மூத்த மகள் அதே வயதில் இருந்ததோடு தாய் ஒப்பிடுகிறார், அல்லது தான் வளர்ந்த காலத்தோடு; மகளோ சென்ற ஆண்டின் தன்னோடு ஒப்பிடுகிறாள். எது சிக்கல் என்பதிலேயே கருத்து வேறுபடுவதும் உண்டு. அறை, உடை, நண்பர்கள், அலைபேசி போன்றவற்றைப் பெற்றோர் ஒழுங்கு சார்ந்தவையாகவும், பிள்ளைகள் தம் சொந்த விருப்பம் சார்ந்தவையாகவும் வகைப்படுத்துவதை ஜூடித் ஸ்மெட்டானாவின் பல்லாண்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. மேலும், நிரப்புகிறவரின் மனநிலையும் தாளில் படியும். மனச்சோர்வில் இருக்கும் தாய் பிள்ளையின் குறைகளைக் கூடுதலாகக் காண்கிறார் என்ற கருத்து நெடுநாள் விவாதிக்கப்பட்டது. அதை எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும், ஏனென்றால் தாய் மனச்சோர்வில் இருக்கும் வீட்டில் பிள்ளைக்கும் இடர்ப்பாடு உண்மையிலேயே கூடுதலாக இருக்கலாம். அன்று காலை தோழியோடு சண்டையிட்ட பெண்ணின் தாளிலும் அந்தக் காலை ஏறியிருக்கும். வினாத்தாள் கடந்த ஆறு மாதங்களைக் கேட்டாலும், விடை எழுதும் மனம் அன்றைய மனம்தான்.

எனவே எதை யாரிடமிருந்து எடுத்துக்கொள்வது? கவலை, துயரம், அச்சம், தனிமை ஆகியவற்றில் பதின்பருவத்தினரின் சொல்லுக்கே கூடுதல் எடை தருவேன். சட்டென்று சினப்பது, விதி மீறுவது, கவனம் சிதறுவது ஆகியவற்றில் பெற்றோரும் ஆசிரியரும் சொல்வது பெரும்பாலும் நம்பகமானது. கவனக் குறைபாடு உள்ள இளையோர் தங்கள் சிக்கலைக் குறைத்தே மதிப்பிடுவது மிகவும் வழக்கம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 15 என்று எழுதுவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. அந்த 15 உங்கள் வீட்டில் இருக்கும் எவரையும் குறிக்கவில்லை. மகளின் தாளில் எரிந்துகொண்டிருக்கும் 8ஐ அது இயல்பு நிலைக்குள் மறைத்துவிடுகிறது. மருத்துவமனைகளில் பெரும்பாலும் கடைப்பிடிக்கும் முறை, இருவரில் ஒருவர் சொன்னாலும் அந்த அறிகுறியை இருப்பதாக எடுத்துக்கொண்டு விசாரிப்பதுதான். அதனால் சில வேளை தேவையற்ற கவலை எழும் என்பது உண்மை. ஆயினும் இந்த வயதில் அந்தப் பக்கம் தவறுவதே மேல்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் குழந்தை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வில், 11 முதல் 17 வயது வரையிலான 5,137 இளையோரிடமும், அவர்களுடைய பெற்றோரிடமும் தற்கொலை எண்ணங்களைப் பற்றித் தனித்தனியே கேட்கப்பட்டது. அத்தகைய எண்ணம் வந்ததாகச் சொன்ன இளையோரின் பெற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்கவில்லை. மறுபுறமும் அதே அளவு முக்கியமானது: பிள்ளைக்கு அந்த எண்ணம் இருந்ததாகப் பெற்றோர் சொன்ன இடங்களில் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் இல்லை என்றார்கள். ஆக, யாருடைய ‘இல்லை’ என்ற விடையும் மற்றவருடைய ‘ஆம்’ என்பதை அழிக்க அனுமதிக்கலாகாது. நீங்கள் நிரப்பிய வினாத்தாளின் 25 கூற்றுகளில் இதைப் பற்றிய கேள்வியே கிடையாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மனவெழுச்சிப் பிரிவில் 8 எடுத்த பெண்ணிடம் ஆலோசகர் இதைத் தனியே, நேரடியாகக் கேட்டாரா என்று விசாரியுங்கள். நீங்களும் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. அவள் ஆம் என்றால், வாதிடாமல் கேட்டுக்கொள்ளுங்கள், தனியே விடாதீர்கள், வீட்டிலுள்ள மருந்துகளையும் ஆபத்தான பொருள்களையும் அப்புறப்படுத்துங்கள், அன்றே மனநல மருத்துவரிடம் அல்லது அவசர மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வேறுபாடு பெரிதாக இருப்பதே ஒரு தீய அறிகுறியா என்று சிலர் கேட்பதுண்டு. பெற்றோரும் பிள்ளையும் பெரிதும் முரண்பட்ட குடும்பங்களில் பிற்கால விளைவுகள் மோசமாக இருந்ததாக நெதர்லாந்தில் நடந்த ஒரு தொடர் ஆய்வு 2004இல் சொன்னது. ஆனால் ஒரு மதிப்பெண்ணை மற்றொன்றிலிருந்து கழித்து வரும் எண்ணைத் தனிச் செய்தியாக எடுத்துக்கொள்வதில் புள்ளியியல் சிக்கல்கள் உண்டு என்று பின்னர் வந்தவர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். தனி ஒரு குடும்பத்துக்கு அதை வைத்து ஆருடம் சொல்ல இடமில்லை.

வேறுபாட்டைப் பேசாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெளிவான சான்று இருக்கிறது. 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மனநலச் சிகிச்சைக்கு வந்த 381 பெற்றோர்–பிள்ளை இணைகளிடம் எந்தச் சிக்கலுக்காக வந்திருக்கிறீர்கள் என்று தனித்தனியே கேட்டார்கள். 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட இணைகள் ஒரே ஒரு சிக்கலில்கூட ஒத்துப்போகவில்லை. தாய் படிப்புக்காக அழைத்துவருகிறார், மகள் தனிமையைப் பற்றிப் பேச நினைக்கிறாள், ஆலோசகர் யாராவது ஒருவருடைய கணக்கின்படி வேலை செய்கிறார். சில வாரங்களில் மற்றவர் வர மறுக்கிறார்.

எனவே உங்களுக்கு நான் சொல்வது: முதலில் மகளின் அனுமதியில்லாமல் அவளுடைய தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்காதீர்கள். ஆலோசகர் முன்னிலையில் அவள் ஒப்பும் வரிகளை மட்டும் பகிரட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பேச வேண்டாம். ஒரு வரியை எடுங்கள், ‘நிறையக் கவலைகள்’ என்பதையே எடுங்கள். “நீ ஏன் 2 போட்டாய்?” என்று கேட்டால் அது விசாரணையாகிவிடும். “நான் இதற்கு 0 போட்டேன். எனக்குத் தெரியாமல் என்ன இருந்தது என்று கேட்க விரும்புகிறேன். எப்போது அதிகமாக வருகிறது?” என்று கேட்டுப்பாருங்கள். அவள் சொல்லும்போது, “இதற்கெல்லாமா கவலைப்படுவது?” என்ற ஒரு வாக்கியம் அடுத்த பத்து வரிகளையும் பூட்டிவிடும். அன்றைக்கு ஒரே வரிதான் பேச முடிந்தது என்றால் அது போதும். ஆலோசனையின் இலக்கில் ஒன்று அவளுடையதாக இருக்கட்டும். அது உங்களுக்குச் சிறியதாகத் தோன்றினாலும் முதலில் அதையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தாளின் பின்பக்கத்தில் இருக்கும் துணைக் கேள்விகளையும் ஆலோசகரிடம் கேளுங்கள். இந்த இடர்ப்பாடு எவ்வளவு நாளாக இருக்கிறது, அதனால் மனம் எவ்வளவு வேதனைப்படுகிறது, வீட்டு வாழ்க்கையையும் நட்பையும் வகுப்பறைப் படிப்பையும் ஓய்வு நேரத்தையும் எவ்வளவு பாதிக்கிறது என்று அவை கேட்கின்றன. மொத்த மதிப்பெண்ணைவிட இந்த விடைகள்தாம் உதவி எவ்வளவு விரைவாகத் தேவை என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஆசிரியருக்கும் தனித் தாள் உண்டு. வகுப்பாசிரியர்தான் முதலில் சோர்வைக் கவனித்தார் என்பதால், மகள் ஒப்பினால், சகவயதினர் பிரிவில் அவர் என்ன எழுதுகிறார் என்பது முடிச்சை அவிழ்க்க உதவும். மகளின் தந்தை உடன் இருந்தால் அவரும் உங்களோடு கலந்து பேசாமல் தனியே ஒரு தாளை நிரப்பட்டும்.

ஆலோசனை தொடங்கிச் சில மாதங்கள் கழித்து மீண்டும் நிரப்பச் சொல்வார்கள். தொடர் மதிப்பீட்டுக்கான வடிவம் கடைசி ஒரு மாதத்தை மட்டும் கேட்கும். அப்போது மகளின் 21 சற்றே இறங்கி, உங்களுடைய 9 பதினான்காகவோ பதினைந்தாகவோ ஏறியிருந்தால் அஞ்சிவிடாதீர்கள். அவள் நிலை மோசமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. அவள் உங்களிடம் கூடுதலாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறாள் என்பதற்கே வாய்ப்பு அதிகம். மாறாக, அவளுடைய மதிப்பெண் திடீரென்று 4க்கோ 5க்கோ விழுந்து, பசியும் உறக்கமும் பேச்சும் மட்டும் சோர்ந்திருந்த நாள்களில் இருந்தது போலவே இருந்தால், அந்தத் தாளை அவள் யாருக்காக நிரப்பினாள் என்பதை ஆலோசகர் அவளிடம் மென்மையாகக் கேட்டறிய வேண்டும்.